எமிலி காரும் யூக்வாட் கிராமத் தேவாலயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவில் டண்டாஸ் தெருவில் இருக்கும் ஒன்டாரியோ ஓவியக்கூடத்தின் சேகரிப்பில் ஒரு தைலவண்ண ஓவியம் இருக்கிறது. அடர்ந்த காட்டின் நடுவே சின்னதாக ஒரு வெள்ளைத் தேவாலயம். 1929-ல் அதை வரைந்தவர் எமிலி கார் என்ற பெண். வீட்டுக்கு வரும் நண்பர்களையும் உறவினர்களையும் அந்தப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது எனக்குப் பல வருடப் பழக்கம். அப்போதெல்லாம் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் வரும். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

யார் இந்த எமிலி கார்?

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் விக்டோரியா நகரத்தில் 1871 டிசம்பர் 13 அன்று பிறந்தவர். 1945 மார்ச் 2 அன்று அதே நகரத்தில் இறந்தார். பிறந்த வீடும் கடைசி மூச்சு விட்ட இடமும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. இடையில் சான் பிரான்சிஸ்கோ, லண்டன், பாரிஸ் என்று படிக்கப் போனார். திரும்பித் திரும்பி வந்து வரைந்தது மட்டும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் காடுகளையும் கடலோரக் கிராமங்களையும்தான். அதனால் அவரை ‘வட்டார ஓவியர்’ என்று சொல்வார்கள். சிலர் அதைச் சற்றுத் தாழ்வான பட்டமாகச் சொல்வதுண்டு. எனக்கு அது உயர்ந்த பட்டமாகவே படுகிறது. ஒரு நிலத்தை அவ்வளவு காலம் விடாமல் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

‘இந்தியன் சர்ச்’ என்று பழைய புத்தகங்களில் போட்டிருக்கிறதே, இந்தியாவில் உள்ள தேவாலயமா?

இல்லை. நம் ஆட்கள் பலருக்கும் முதலில் இந்தச் சந்தேகம்தான் வருகிறது. கொலம்பஸ் காலத்துக் குழப்பத்தால் அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகளை ஐரோப்பியர்கள் ‘இந்தியர்’ என்று அழைத்தார்கள். எமிலி காரும் தன் காலத்து வழக்கப்படி இந்தப் படத்துக்கு ‘இந்தியன் சர்ச்’ என்று பெயர் வைத்தார். படத்தில் இருப்பது நூட்கா தீவிலுள்ள யூக்வாட் கிராமத்துக் கத்தோலிக்கத் தேவாலயம். அது மோவாச்சாட் மக்களின் ஊர். 1778-ல் கேப்டன் குக்கின் கப்பல்கள் வந்து நின்றதும் அங்கேதான். அந்த இடத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘ஃப்ரெண்ட்லி கோவ்’. 2018-ல் ஓவியக்கூடம் படத்தின் பெயரை ‘யூக்வாட் கிராமத் தேவாலயம்’ என்று மாற்றியது. அதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

படத்தில் அப்படி என்ன இருக்கிறது? எனக்கு ஒரு சர்ச்சும் மரங்களும்தான் தெரிகின்றன.

சரி, நிதானமாகப் பார்க்கலாம். கித்தானில், அதாவது கான்வாஸ் துணியில், தீட்டிய படம். உயரம் 108.6 சென்டிமீட்டர், அகலம் 68.9. நாலைந்து வயதுக் குழந்தை எதிரே நிற்கும் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் பார்த்தவர்கள் எல்லோரும் பெரிய படம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளே இருக்கும் காடு அவ்வளவு பெரியது.

முதலில் கண் போவது வெள்ளைக்கு. சுவர்கள் தட்டையாக, பிள்ளைகள் காகிதத்தில் மடித்துச் செய்த வீடுபோல இருக்கும். ஊசிபோல ஏறும் கோபுரம், உச்சியில் சிலுவை, பக்கத்தில் கல்லறைச் சிலுவைகள். கிட்டே போனால் அந்த வெள்ளை ஒரே வெள்ளை இல்லை என்று தெரியும். சுவருக்குச் சுவர் நிழல் மாறுகிறது. சுற்றியுள்ள பச்சை இருட்டு அதை முன்னால் தள்ளிக் காட்டுகிறது.

இப்போது தேவாலயத்தை விட்டுவிட்டுக் காட்டைப் பாருங்கள். ஒரு இலைகூடத் தனியாக இல்லை. மரங்களின் தழை முழுக்கச் செதுக்கிய கட்டைபோல, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த துணிபோல இறங்குகிறது. வானத்துக்கு ஏறக்குறைய இடமே இல்லை. முன்னால் இருக்கும் புதர் கடலலைபோலப் புரண்டு தேவாலயத்தின் காலடிக்கு வருகிறது. காடு இந்தக் கட்டடத்தை அணைத்துக்கொள்கிறதா, விழுங்கப் போகிறதா? இரண்டுக்கும் படத்தில் இடம் இருக்கிறது. நான் பார்க்கும் நாளைப் பொறுத்து எனக்கே பதில் மாறுகிறது. மழை நாளில் போனால் எப்போதும் விழுங்குவதாகத்தான் தெரியும்.

அப்புறம் அளவு. படத்தில் மனிதர்கள் இல்லை. அந்தக் கதவில் ஒரு ஆள் நுழைந்தால் எவ்வளவு உயரம் இருப்பார் என்று மனதில் போட்டுப் பாருங்கள். பிறகு பின்னால் இருக்கும் மரங்களை அண்ணாந்து பாருங்கள். எமிலி கார் அந்தக் காட்டில் நின்றபோது உணர்ந்தது என்ன என்று அப்போது கொஞ்சம் பிடிபடும்.

நிஜத்திலும் அந்த இடம் அப்படித்தான் இருந்ததா?

இல்லை, வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார். தேவாலயம் கிராமத்துக்குள் இருந்தது, சுற்றி வீடுகள் இருந்தன. வீடுகளை எடுத்துவிட்டுக் காட்டை நெருக்கமாகக் கொண்டுவந்தார். ஆரம்ப காலத்தில் ‘பார்த்ததைப் பார்த்தபடி பதிவு செய்கிறேன்’ என்று பிடிவாதமாக இருந்தவர் இவர். அதே ஆள் ஒரு ஊரையே அழித்துவிட்டு ஒரு கட்டடத்தை மட்டும் நிறுத்தினார் என்றால், இடையில் எவ்வளவோ நடந்திருக்க வேண்டும்.

அவர் வரைந்த கட்டடம் பின்னாளில் தீயில் போய்விட்டது. இப்போது யூக்வாட்டில் இருக்கும் தேவாலயம் 1950களில் கட்டியது.

குடும்பம் எப்படிப்பட்டது? ஓவியம் படிக்க அந்தக் காலத்தில் எப்படி விட்டார்கள்?

ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது. அப்பா இங்கிலாந்திலிருந்து வந்த மொத்த வியாபாரி, கண்டிப்பானவர். எமிலிக்குப் பதினான்கு வயதானபோது அம்மா இறந்தார், இரண்டு வருடத்தில் அப்பாவும் இறந்தார். மூத்த அக்கா கையில் வீடு வந்தது. அந்த அக்கா இன்னும் கண்டிப்பு. எமிலி நேராகக் குடும்பத்தின் பாதுகாவலராக இருந்தவரிடம் போய், சான் பிரான்சிஸ்கோ ஓவியப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினார். 1890-ல் ஒரு பதினெட்டு வயதுப் பெண் தனியாக எடுத்த முடிவு இது. 1899-ல் லண்டன் போனார், உடம்பு கெட்டு இங்கிலாந்தில் ஒரு சானடோரியத்தில் பல மாதம் கிடந்தார். 1910-ல் பிரான்ஸ். அங்கேதான் நிறம் வெடித்தது. அதுவரை அடக்கமான நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தவர், சிவப்பையும் மஞ்சளையும் பச்சையையும் கலக்காமல் வைக்கக் கற்றுக்கொண்டார். 1911-ல் பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவருடைய இரண்டு படங்கள் இடம்பெற்றன.

பதினைந்து வருடம் வரையாமல் இருந்தார் என்கிறார்களே, உண்மையா?

முழுக்க நின்றுவிடவில்லை, ஆனால் ஏறக்குறைய அப்படித்தான். இதைச் சொல்லாமல் அந்தப் படத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

பிரான்சிலிருந்து திரும்பிய உற்சாகத்தில் 1912-ல் வடக்கே ஸ்கீனா ஆற்றுக் கரைக்கும் ஹைடா குவாய் தீவுகளுக்கும் போனார். படகிலும் குதிரை வண்டியிலும் போய், மழையில் நனைந்து, கொசுக்கடியில் உட்கார்ந்து, கிராமம் கிராமமாக டோட்டம் கம்பங்களை வரைந்தார். டோட்டம் கம்பம் என்றால் ஒரு குடும்பத்தின் வம்சக் கதையை, அதன் காக்கை, கழுகு, கரடி உருவங்களை முழு செடார் மரத்தில் செதுக்கி வீட்டு முன்னால் நிறுத்துவது. 1913-ல் வான்கூவரில் சொந்தச் செலவில் மண்டபம் எடுத்து இருநூறு படங்களைக் காட்சிக்கு வைத்தார், தானே நின்று உரையும் நிகழ்த்தினார். மாகாண அரசு இந்தத் தொகுப்பை வாங்கிப் பாதுகாக்கும் என்று நம்பியிருந்தார். மதிப்பிட வந்த நிபுணருக்கோ நிறங்கள் அதிகப்படியாகத் தெரிந்தன, ஆவணமாகக் கொள்ள முடியாது என்று கருதினார். அரசு வாங்கவில்லை.

விக்டோரியாவுக்குத் திரும்பி, அப்பா விட்டுப்போன நிலத்தில் ஒரு வாடகை வீடு கட்டினார். வாடகையில் சாப்பிட்டுக்கொண்டு மீதி நேரத்தில் வரையலாம் என்பது கணக்கு. போர் வந்தது, வாடகை விழுந்தது. வீட்டுக்காரம்மா வேலை முழு நேர வேலையாகிவிட்டது. அடுப்புக்குக் கரி அள்ளுவது, குழாய் ஒழுகினால் பார்ப்பது, வாடகை தராதவர்களோடு சண்டை போடுவது. கட்டுப்படியாகாமல் ஆடு மேய்க்கும் இன நாய்களை வளர்த்து விற்றார், சுற்றுலாப் பயணிகளுக்குக் களிமண் சாமான் செய்து விற்றார், கம்பளி விரிப்பு பின்னினார். நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து வரை, ஒரு ஓவியர் உச்சத்தில் இருக்க வேண்டிய வயதெல்லாம் இப்படிப் போயிற்று.

அந்த வீடு இன்றும் சிம்கோ தெருவில் இருக்கிறது. மாடியறையில் கூரையின் அடிப்பக்கத்தில் அவர் வரைந்த இரண்டு பெரிய கழுகுகள், படுத்துக்கொண்டு அண்ணாந்தால் தெரியும்படி, இறக்கை விரித்திருக்கின்றன. கித்தான் வாங்கக் காசில்லாத, வரைய நேரமில்லாத காலத்திலும் படுக்கைக்கு மேலே கழுகு வரைந்துகொண்ட பெண் அவர்.

பிறகு எப்படித் திரும்ப வந்தார்?

1927-ல் ஒட்டாவாவில் தேசிய ஓவியக்கூடம் மேற்குக் கரைப் பூர்வகுடிக் கலையையும் நவீன ஓவியங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி நடத்தியது. அதற்கு இவருடைய படங்களைக் கேட்டு ஆள் வந்தது. ரயில் பாஸும் கொடுத்தார்கள். வழியில் டொராண்டோவில் ‘எழுவர் குழு’ என்று பெயர் பெற்ற நிலக்காட்சி ஓவியர்களைச் சந்தித்தார். அவர்களில் லாரன் ஹாரிஸின் படங்களைப் பார்த்த இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. இங்கே, இந்த நாட்டிலேயே, தான் தேடியதை ஒருவர் செய்துகொண்டிருக்கிறார். வீடு திரும்பியதும் மறுபடி தூரிகை எடுத்தார். 1928-ல் மீண்டும் வடக்கே போனார். அதே ஆண்டில் மார்க் டோபி என்ற அமெரிக்க ஓவியர் விக்டோரியாவுக்கு வந்து எமிலியின் ஓவிய அறையிலேயே பாடம் நடத்தினார். யூக்வாட் தேவாலயத்தின் பட்டை தீட்டிய சுவர்களிலும் மடிப்புக் காட்டிலும் அந்தப் பாடத்தின் தடம் தெரியும்.

தேவாலயத்தை வரைந்தபோது வயது ஐம்பத்தேழு. அவரை நாம் இன்று எதற்காக நினைக்கிறோமோ அந்தப் படங்களில் மிகப் பெரும்பாலானவை இதற்குப் பிறகு வந்தவை.

ஹாரிஸ் இந்தப் படத்தைப் பற்றி என்ன நினைத்தார்?

தானே வாங்கிக்கொண்டுபோய் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டினார். எமிலி வரைந்ததிலேயே சிறந்தது என்றார். வேறு யாராக இருந்தாலும் தலைகால் புரியாமல் போயிருக்கும். எமிலிக்கோ ஒரு கட்டத்தில் எரிச்சல் வந்தது. அடுத்தடுத்து வரைந்து அனுப்பினாலும் ஹாரிஸ் அந்தத் தேவாலயத்திலேயே நின்றுவிட்டார் என்று குறைபட்டார். எனக்கு இதில் எமிலி பக்கம்தான் நியாயமாகத் தெரிகிறது. அவருக்கு அது ஒரு படிக்கட்டு. அதில் கால் வைத்துத்தான் கம்பங்களை விட்டுக் காட்டுக்குள் போனார், பிறகு காட்டையும் தாண்டி வானத்துக்குப் போனார். வான்கூவர் ஓவியக்கூடத்தில் இருக்கும் 1935-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், வெட்டித் தள்ளிய காட்டில் பலகைக்கு உதவாது என்று விட்டுவைத்த ஒற்றை மரம் உச்சியில் ஒரு கொத்துத் தழையோடு வானத்தின் வெளிச்சத்துக்குள் நிற்கும். தேவாலயத்தோடு நின்றிருந்தால் அது கிடைத்திருக்காது.

பெயரை மாற்றியது சரிதானா? ஓவியர் வைத்த பெயரை மாற்ற யாருக்கு உரிமை?

2018-ல் இதே கேள்விதான் பத்திரிகைகளில் ஓடியது. ஓவியரை மறைக்கிறார்கள், வரலாற்றைத் திருத்துகிறார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். பழைய பெயரை ஓவியக்கூடம் ஒளித்துவைக்கவில்லை, விளக்கத்தோடு சொல்லியே மாற்றியது. என் அபிப்பிராயம் இது: ஒரு கிராமத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெயர் இருக்கும்போது அதைச் சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. பெயர் மாறிய பிறகு எனக்கு ஒரு லாபமும் உண்டு. ‘யூக்வாட் எங்கே இருக்கிறது?’ என்று ஜனங்கள் கேட்கிறார்கள். முன்னால் யாரும் கேட்டதில்லை.

பூர்வகுடிகளின் கலையை எடுத்துத் தன் பெயரில் வரைந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டு?

தள்ளிவிட முடியாத குற்றச்சாட்டு. அந்த மக்கள் அழிந்துபோகப் போகிறார்கள், அதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்து வெள்ளையர்களிடம் பரவலாக இருந்தது. எமிலியும் அதே எண்ணத்தோடுதான் கிளம்பினார். அவர்கள் அழியவில்லை. 1885 முதல் 1951 வரை அவர்களுடைய பாட்லாட்ச் விருந்துச் சடங்கையே சட்டம் போட்டுத் தடுத்திருந்த நாட்டில், பிள்ளைகளைப் பிடித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்த நாட்டில், வெள்ளைக்காரப் பெண் சுதந்திரமாகப் போய் வரைய முடிந்தது என்பதை மறக்கக் கூடாது.

அதே நேரம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. யுக்ளூலெட் மக்கள் அவருக்கு வைத்த பெயர் ‘க்ளீ விக்’, சிரிப்பவள் என்று பொருள். 1941-ல் அதையே தலைப்பாக வைத்து முதல் புத்தகம் எழுதினார். கனடாவின் கவர்னர் ஜெனரல் விருது அதற்குக் கிடைத்தது. அதைத் தன் தோழி சோஃபிக்குச் சமர்ப்பித்தார். சோஃபி ஸ்குவாமிஷ் இனத்தைச் சேர்ந்த கூடை முடையும் பெண், பிள்ளைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பறிகொடுத்தவர். மிஷனரிகளையும் உறைவிடப் பள்ளியையும் பற்றி எமிலி கசப்பாக எழுதியிருந்த பகுதிகளை, அவர் இறந்த பிறகு 1951-ல் வந்த பள்ளிப் பதிப்பில் நீக்கிவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் வாசகர்கள் வெட்டிய பிரதியைத்தான் படித்தார்கள். முழுப் பிரதி 2000களின் தொடக்கத்தில்தான் திரும்பியது. வெள்ளைத் தேவாலயத்தைக் காடு நெருக்கும் அந்தப் படத்தை இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

அப்படியானால் இது பக்திப் படம் இல்லையா?

அவர் கடவுளைத் தீவிரமாகத் தேடியவர். ஹாரிஸின் செல்வாக்கில் சில வருடம் பிரம்மஞான சபைக் கருத்துகளில் ஈடுபட்டு, பிறகு அதை விட்டுக் கிறிஸ்தவத்துக்கே திரும்பினார். தேவாலயத்துக்குள் கிடைத்ததைவிடக் காட்டுக்குள் அவருக்கு அதிகம் கிடைத்தது என்பது என் எண்ணம்.

எல்லாப் படங்களும் கித்தானில் தைலவண்ணமா?

இல்லை, இதில் ஒரு நல்ல கதை இருக்கிறது. தைலவண்ணம் காய நாளாகும், கித்தான் கனம், விலையும் அதிகம். காட்டுக்குள் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. 1932 வாக்கில் ஒரு வழி கண்டுபிடித்தார். மலிவான மணிலா காகிதம், தைலவண்ணம், வீட்டுக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட். எல்லாவற்றையும் இளக்க பெட்ரோல். பெட்ரோல் சட்டென்று ஆவியாகிவிடும், வண்ணம் உடனே காய்ந்துவிடும். நீர்வண்ணம்போல ஓடும், தைலவண்ணம்போல அழுத்தம் கொடுக்கும். காகிதத்தின் பழுப்பு நிறம் கோடுகளுக்கு நடுவே எட்டிப்பார்க்கும். கை முழுசாக வீசி வரைந்த அந்தக் கோடுகளில் காற்றே தெரிகிறது. 1933-ல் ஒரு பழைய கேரவன் வண்டியை வாங்கி, அதற்கு ‘யானை’ என்று பெயர் வைத்து, காட்டோரமாக இழுத்துப்போய் நிறுத்தி வாரக்கணக்கில் அதிலேயே தங்கி வரைந்தார்.

பெட்ரோல் எளிதில் தீப்பிடிக்கும், புகை நுரையீரலுக்குக் கேடு. அவர் செய்தார் என்று யாரும் வீட்டுக்குள் முயல வேண்டாம்.

குரங்கு வளர்த்தாராமே?

ஆமாம், வூ என்ற ஜாவா நாட்டுக் குரங்கு. அதற்குச் சட்டை தைத்துப் போடுவார். கடைக்குக் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாமான் வாங்கி வருவார். ஓவிய அறையில் நாற்காலிகளைக் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார், வந்தவர் பிடித்திருந்தால்தான் ஒன்று கீழே இறங்கும். ஊர் அவரைக் கிறுக்கி என்று சொல்ல இதெல்லாம் போதுமாக இருந்தது. நான் இந்தக் கதைகளை விரும்பிச் சொல்வதில்லை. கேட்பவர்கள் குரங்கை ஞாபகம் வைத்துக்கொண்டு படத்தை மறந்துவிடுகிறார்கள்.

அவருடைய அசல் படம் என்ன விலைக்குப் போகும்?

2013-ல் டொராண்டோ ஏலத்தில் ‘கிறுக்குப் படிக்கட்டு’ என்று பொருள்படும் தலைப்புள்ள படம் 33 லட்சத்து 90 ஆயிரம் கனடிய டாலருக்குப் போனது. கனடியப் பெண் ஓவியர் ஒருவரின் படத்துக்கு அதுவரை கிடைத்ததில் அதுவே அதிக விலை. அவரோ வாடகைக்காகக் கரி அள்ளியவர்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு படம் கிடைத்தது. அசலா, அச்சுப் பிரதியா என்று எப்படிப் பார்ப்பது?

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்னச் சின்ன நிறப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அச்சு. தைலவண்ணமாக இருந்தால், பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் அடிக்கும்போது தூரிகையின் மேடு பள்ளம் நிழல் விழுந்து தெரியும். ஆனால் அச்சின் மேல் பசையைத் தடவி மேடு பள்ளம் வரவழைப்பவர்களும் உண்டு. மேடும் வண்ணமும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று கவனியுங்கள். பின்பக்கத்தையும் பார்க்க மறக்க வேண்டாம். கித்தானின் பழுப்பு, பழைய ஆணி, கடைச் சீட்டு, கண்காட்சி முத்திரை எல்லாம் பேசும். துடைக்க மட்டும் வேண்டாம், ஈரத்துணிகூட வேண்டாம். கையெழுத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், போலி செய்வதற்கு அதுதான் மிகச் சுலபம். நல்ல ஏல நிறுவனங்கள் புகைப்படம் பார்த்து முதல் அபிப்பிராயம் சொல்லும்.

படத்தை என் கட்டுரையில் பயன்படுத்தலாமா?

அவர் இறந்தது 1945. கனடாவில் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஓவியக்கூடம் எடுத்த புகைப்படத்தைப் பயன்படுத்தினால் அதன் நிபந்தனைகளைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வேறு எங்கெல்லாம் பார்க்கலாம்?

மிகப் பெரிய சேகரிப்பு வான்கூவர் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. தன் முக்கியமான படங்களை மக்களுக்காக ஒரு அறக்கட்டளையில் எழுதி வைத்துவிட்டுப் போனார், அவை அங்கேதான் இருக்கின்றன. 1931-ல் தீட்டிய பெரிய காக்கைப் படம் அங்கே உண்டு. 1912-ல் கம்ஷேவா என்ற கிராமத்தில் மழையில் நின்று வரைந்த நீர்வண்ணத்தைப் பத்தொன்பது வருடம் கழித்து எடுத்துத் திரும்ப வரைந்தது. விக்டோரியாவில் அவர் பிறந்த வீட்டை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். டொராண்டோ படத்துக்கு வருவதானால் காட்சியில் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு வாருங்கள், படங்களை அவ்வப்போது மாற்றி மாட்டுவார்கள்.

குழந்தைகளைக் கூட்டிவந்தால் எப்படிக் காட்டுவது?

கதையெல்லாம் சொல்ல வேண்டாம். படத்தின் முன்னால் தரையில் உட்காரவைத்துவிடுங்கள். கீழிருந்து பார்த்தால் காடு இன்னும் உயரமாகிவிடும். ஒரு தடவை நண்பரின் மகள், ஆறு வயது, ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, ‘அங்கிள், உள்ளே லைட் எரியுதா?’ என்று கேட்டாள். கதவு இருட்டாகத்தானே இருக்கிறது என்றேன். ‘இல்ல, சுவருக்குள்ள’ என்றாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.